தலையெழுத்தும் மரபணுவும்

நம் எழுத்தாளரிடையே இப்பொழுது ஓர் உவமை பெருவழக்காய் வழங்குகின்றது. மரபணுவே உடலின் எழுத்து, மனிதன் அதன் விரிவுரை என்பதே அது. கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆயினும், சி ரூசாத் தோட்டப்புறங்களில் நோயோடு ஒரு குழந்தை பிறந்தால், "தலையெழுத்து" என்றும் "தாய்வழி ரத்தம்" என்றும் சொல்லிப் பெற்றவள்மீது பழி சுமத்துவதைக் கண்டவர்க்கு, இது பழைய விதிக்குப் புதுச்சட்டை தைப்பதாகவே தோன்றும்.

ஹீமோபீலியா 'ஏ' என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். ரத்தம் உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணி என்ற புரதத்தை ஆக்கும் மரபணு பழுதுபடுவதால் வருவது இது. பெரும்பாலும் தாய் சுமக்கிறாள், மகன் துன்புறுகிறான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கோ குடும்பத்தில் இதன் வரலாறே இல்லை. அங்கே யாரைப் பழிப்பது?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் இந்நோயாளர் ஐவரின் குருத்தணுக்களை எடுத்து, தீங்கு நீக்கிய வைரஸின் வழியே நல்ல மரபணுவை அவற்றுட் புகுத்தி, அவரவர் உடலிலேயே திரும்பச் செலுத்தினர். அதன்பின் கவனித்த காலமெல்லாம் ஐவருக்கும் நோயினால் ரத்தக்கசிவு நேரவில்லையென 2024 டிசம்பரில் அறிவித்தனர். விதியென்று அழுதது பழுதென்று அறியப்பட்டது. பழுதைச் செப்பனிடவும் வழி பிறந்தது.

இம்மாற்றம் அவர்தம் ரத்த அணுக்களோடு நிற்பது, பிள்ளைகட்குச் செல்லாது. ஆனால் 2018-இல் சீனத்தில் ஹே ஜியான்குய் என்பவர் கருவிலேயே மரபணுவைத் திருத்த, இரட்டைப் பெண்மக்கள் பிறந்தனர். 2019-இல் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. நோயாளி தானே இசைந்து மருத்துவம் பெறுதல் வேறு. பிறவாத உயிர்க்கு இன்னொருவர் உடலை வகுத்துவைத்தல் வேறு. 'எழுத்து' என்னும் உவமை இவ்விரண்டையும் ஒன்றாக்கி மயக்குகிறது.

அம்மயக்கத்தில் நமக்குத் தனி அச்சம் உண்டு. 'உயர்ந்த ரத்தம்' பேசிய சாதிச் செருக்கு, நாளை 'உயர்ந்த மரபணு' என்று பேசத் தயங்குமா? ஆகவே, மரபணுவைப் பற்றி எழுதும் தோழர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'எழுத்து' என்று எழுதுமுன், அச்சொல்லைக் கேட்டுத் தலைகுனியும் தோட்டப்புறத்துத் தாயொருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 'பழுது' என்றே எழுதுங்கள். மருத்துவரைத் தேடிச் செல்ல அவளுக்கு அச்சொல் துணையாகும்.