அச்சத்தின் தோற்றுவாய்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது நம் இலக்கண ஆசிரியர் கொள்கை. திரைப்படத்தின் தொடக்கக் காட்சியும் பாயிரம் போன்றதே. படம் எத்தகையது, அதனை எம்மனநிலையோடு காணல் வேண்டும் என்பதை அது முன்னரே உணர்த்திவிடுகின்றது. திகிற்படத்திற்கு இது மிகவும் பொருந்தும்.

ஊடகக் கல்வி பயிலும் மாணாக்கர், பயிற்சிக்கெனத் திகிற்படம் எடுக்கத் திட்டமிடும்போது புகழ்பெற்ற படங்களின் தொடக்கங்களைக் கண்டு கற்கின்றனர். அது நன்றே. ஆயின், அவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வன பெரும்பாலும் கத்தி, குருதி, முகமூடி, இருள் என்பனவே. இவை பொருள்கள், முறை அல்ல. மாணாக்கர் படமொன்றில் பேயின் முகம் முதற்காட்சியிலேயே திரை நிறையத் தோன்றக் கண்டேன். அவையில் சிரிப்பெழுந்தது. அச்சத்திற்குரிய இடம் நகைக்கு இடமாயிற்று.

எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் வைத்த தொல்காப்பியர், வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என நான்கினை அதற்கு நிலைக்களன்களாகக் கூறுவர். இவை அஞ்சப்படுவன. அஞ்சப்படுவது எப்பொழுது, எவர் கண் வழியாக நம்மை வந்தடைகின்றது என்பதே காட்சிக்கலை விடுக்கும் வினா. இதற்கு இரு அமெரிக்கப் படங்கள் சான்றாகும்.

சார்ச் ரொமேரோ இயக்கிய ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ 1968-இல் வெளிவந்தது. அதன் செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர். கறுப்பு வெள்ளைப் படம். தந்தையின் கல்லறைக்கு மலர்வளையம் சாத்த உடன்பிறந்தார் இருவர் காரில் வருகின்றனர். பகலொளி இன்னும் நீங்கவில்லை. நெடுந்தொலைவு வந்தமை குறித்து அவன் சலித்துக்கொள்கின்றான். பின் தங்கையை அச்சுறுத்தி விளையாடுகின்றான். தொலைவில் ஒருவன் நடந்து வருகின்றான். அவனையும் கேலிக்குப் பொருளாக்குகின்றான். நாமும் அவனை வழிப்போக்கன் என்றே கருதுகின்றோம். கேலி மெய்யாகின்றது, வந்தவன் அவளைப் பற்றுகின்றான். இங்கு அஞ்சப்படுவது மறைக்கப்படவில்லை. கண்முன்னே நின்றும் அறியப்படாமல் இருந்தது. இதுவே காட்சியின் வன்மை. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓர் இடுகாடும் மூன்று நடிகரும் போதும்.

சான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) மற்றொரு நெறியில் செல்கின்றது. 1963-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதி நாளிரவு, காமிரா ஒரு வீட்டைச் சுற்றிவந்து பலகணி வழியே உள்ளே நோக்குகின்றது. சமையலறையில் ஒரு கை கத்தியை எடுக்கின்றது. மாடியில் முகமூடி அணியப்படுகின்றது. அப்பொழுது திரையே இரு கண்துளைகளாகச் சுருங்குகின்றது. மூச்சொலி கேட்கின்றது. கொலை நிகழ்கின்றது. ஒரே தொடர்காட்சி போலத் தோன்றினும் முகமூடி அணியுமிடத்தில் வெட்டு மறைக்கப்பட்டுள்ளது. இதுகாறும் கொலைஞன் கண்ணே நம் கண். வெளியே பெற்றோர் முகமூடியை அகற்றுகின்றனர். நிற்பவன் ஆறு வயதுச் சிறுவன்.

தொடக்கத்திலேயே கொலையைக் காட்டும் இப்படம் மறைத்தலே முறை என்பதற்கு மாறன்றோ எனின், அன்று. கொலை காட்டப்பட்டது, செய்தவன் முகம் மறைக்கப்பட்டது. அம்முகம் வெளிப்பட்டபோதும் அச்சம் தீரவில்லை, வளர்ந்தது. ‘யார்?’ என்னும் வினா நீங்க, ‘ஏன்?’ என்னும் வினா பிறந்தது. அதற்கு விடையில்லாமலே படம் மேற்செல்கின்றது. விடுத்த வினாவினும் பெரிய வினாவை விட்டுச் செல்வதே சிறந்த தொடக்கம் என இதனால் பெறப்படும்.

ஆகவே, திட்டமிடும் மாணாக்கர் காட்சிகளைப் பட்டியலிடுமுன் மூன்றனைத் தெளிதல் வேண்டும். காண்போர் எவர் கண்ணால் காண்கின்றனர்? அவர்க்கு எது மறைக்கப்படுகின்றது, அல்லது எது தெரிந்தும் அறியப்படாது நிற்கின்றது? மறைப்பு நீங்கியபின் எஞ்சும் வினா யாது? இவற்றிற்கு விடை கிடைப்பின் எத்தகைய காமிரா, எவ்வளவு குருதி என்பன எளிதில் முடிவாகும். கிடையாதாயின் கருவிகள் எத்துணை இருப்பினும் பயனில்லை.

மாணாக்கர் படங்களில் காணும் குறை அவர்களுடையது மட்டும் அன்று. தொடக்கங்களை விவரிக்கக் கற்பித்து, அவை ஏன் அவ்வாறு அமைந்தன என வினவக் கற்பியாத நமக்கும் அதில் பங்குண்டு.