பார்க்காமல் கடந்த பள்ளத்தாக்கு: டிம் கிராபேயின் ‘தி ரைடர்’

சைக்கிள் பந்தயம் பற்றி நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று விவரம் தெரிந்த யாரிடம் கேட்டாலும், அனேகமாக முதலில் வரும் பெயர் ‘தி ரைடர்’. டச்சு எழுத்தாளர் டிம் கிராபே 1978-இல் எழுதியது. ஆங்கிலத்துக்கு வர 2002 வரை ஆனது. சின்னப் புத்தகம், ஒரே நாளில் முடித்துவிடலாம். நான் மூன்று முறை படித்துவிட்டேன். முதல் இரண்டு முறை தலையில் வைத்துக் கொண்டாடினேன். மூன்றாம் முறை ஏதோ ஒன்று உறுத்த ஆரம்பித்தது. அந்த உறுத்தலைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் கதை. 1977 ஜூன் 26. தென் பிரான்ஸின் லோஸேர் மாவட்டத்தில் மெய்ருயேஸ் என்று ஒரு சிற்றூர். ஜோந்த் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே தொடங்கி, சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்களில் ஏறி இறங்கி, 1,567 மீட்டர் உயரமுள்ள எக்வால் மலையையும் தொட்டுவிட்டு, அதே ஊரில் முடிகிற 137 கிலோமீட்டர் பந்தயம். கதைசொல்லியின் பெயரும் டிம் கிராபேதான். முப்பதை ஒட்டிய வயதில் பந்தயத்துக்கு வந்தவன், அதற்கு முன் நல்ல சதுரங்க ஆட்டக்காரன். நாவலுக்கு அத்தியாயங்கள் கிடையாது. கிலோமீட்டர் கணக்குதான் அத்தியாயம். பந்தயம் தொடங்கும்போது கதை தொடங்குகிறது, முடியும்போது முடிகிறது.

இதில் கிராபே சாதித்தது என்ன என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மனுஷனுக்குள் என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு நேர்மையாக எழுதியவர்கள் குறைவு. சைக்கிளின் மேல் இருக்கும்போது பிரக்ஞை சுருங்கிவிடுகிறது, உழைப்பு கூடக் கூட இன்னும் சுருங்குகிறது என்கிறார். ஏறி மிதித்தவர்களுக்கு இது தெரியும். கியர் எண்கள், முன்னால் போகிறவனின் பின்சக்கரம், இன்னும் எத்தனை வளைவு: அவ்வளவுதான் உலகம். அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்த்தபடியே வருகிற ரெய்யான் என்ற பையன் மீது கதைசொல்லிக்கு வருகிற எரிச்சல், அதே பையனிடம் கடைசியில் தோற்கிற கசப்பு, ரெண்டுமே நிஜம்.

ஜாக் ஆங்க்தில் பற்றி ஒரு கதையும் வரும். பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை ஐந்து முறை வென்றவர். ஏற்றம் வந்ததும் தண்ணீர் பாட்டிலைச் சைக்கிளிலிருந்து எடுத்துச் சட்டையின் பின்பைக்குள் வைத்துக்கொள்வாராம், வண்டி லேசாக இருக்கட்டும் என்று. மொத்த எடை என்னவோ அதேதான். கிராபே பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்க்கிறார். எல்லாவற்றிலும் பாட்டில் அதன் இடத்திலேயே இருக்கிறது. அதனாலென்ன, கதைதான் உண்மை, படங்கள்தான் தப்பு என்கிற தொனியில் முடிக்கிறார். அருமையான இடம். ஆனால் மூன்றாம் வாசிப்பில் எனக்குச் சந்தேகம் தட்டியதும் இங்கேதான். கண்ணுக்கு முன் இருப்பதைவிடத் தன் தலைக்குள் இருக்கும் கதையை நம்புகிற ஒருவர், கண்ணுக்கு முன் இருந்த பள்ளத்தாக்கை என்ன செய்தார்?

முதல் பக்கத்துக்குப் போங்கள். காரிலிருந்து சைக்கிளை எடுத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறான். காப்பிக்கடை வாசலில் ஊர்க்காரர்களும் சுற்றுலா வந்தவர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பந்தயம் ஓட்டாதவர்கள். அந்த வாழ்க்கைகளின் வெறுமை அவனை அதிர வைக்கிறதாம். முதல் முறை படித்தபோது இந்த இடத்தில் சிரித்தேன். திமிர்தான், ஆனால் ரசிக்கும்படியான திமிர். எழுத்தாளர் தன்னையே கிண்டல் செய்துகொள்கிறார் என்றும் சொல்லலாம். ஆனால் அதற்குப் பிறகு 137 கிலோமீட்டரில் அந்த ஊர்க்காரர்களில் ஒருத்தரும் ஒரு மனுஷராக நம் நினைவில் நிற்பதில்லை. என் வாசிப்பில், முதல் பக்கத்தில் வாங்கிய அந்தக் கடன் கடைசிவரை அடையவே இல்லை.

சரி, அந்த ‘வெறுமை’ எங்கிருந்து வந்தது?

லோஸேர் இன்றைக்கும் பிரான்ஸிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமார் 1,40,000 பேர் இருந்தார்கள். கிராபே எழுதிய காலத்தில் அது ஏறக்குறையப் பாதிதான். எக்வாலுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் இருக்கிற செவென் பள்ளத்தாக்குகள் பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்தவை. மல்பெரிக்கு ‘பொன் மரம்’ என்றே பெயர், பசியாற்றிய செஸ்ட்நட்டுக்கு ‘ரொட்டி மரம்’. 1850-களில் பட்டுப்புழுக்களுக்கு நோய் வந்தது. 1865-இல் லூயி பாஸ்டரே அலெஸ் நகரத்துக்கு வந்து, பல வருஷம் ஆராய்ந்து, நோயில்லாத முட்டையைப் பிரித்தெடுக்க வழி கண்டுபிடித்தார். ஆனாலும் அந்தத் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. செஸ்ட்நட்டுக்கும் நோய் வந்தது. ஜனங்கள் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் போனார்கள். அப்புறம் முதல் உலகப்போர். வண்டிகளே வராத அமைதியான மலைச்சாலை என்று சைக்கிள்காரர்கள் கொண்டாடுகிறார்களே, அந்த அமைதிக்குப் பின்னால் இவ்வளவு பேர் ஊரை விட்டுப் போன கதை இருக்கிறது.

இன்னொன்று. இயற்கையை இப்போதெல்லாம் யாரும் தேடிவராத ஒரு முதிய சீமாட்டி மாதிரி கிராபே வர்ணிக்கிறார். வேதனைப்பட்டுத் தன்னிடம் வருகிறவர்களுக்கு அவள் வெகுமதி தருவாளாம். அதிகம் மேற்கோள் காட்டப்படும் பகுதி இது. ஆனால் எக்வால் மலையில் இந்த ‘இயற்கை’ எது? ஆடுகள் அளவுக்கு மீறி மேய்ந்து, விறகுக்கு மரம் வெட்டி, 19-ஆம் நூற்றாண்டில் அந்த மலை மொட்டையாகக் கிடந்தது. மழை பெய்தால் மண் அரித்துக்கொண்டு போய்க் கீழே வெள்ளம். ஜார்ஜ் ஃபாப்ர் என்ற வன அதிகாரி மேய்ச்சல்காரர்களின் எதிர்ப்பையும் மீறி மலையைத் திரும்பக் காடாக்கினார். உச்சியில் இருக்கும் வானிலை ஆய்வகம் 1894-இல் திறக்கப்பட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதாவது, ஏறும்போது நிழல் தருகிற அந்தக் காட்டில் பெரும்பகுதி கூலிக்கு வேலை செய்தவர்கள் குழி வெட்டி நட்டது. வேதனைப்பட்டு மலையேறியவர்கள் சைக்கிள்காரர்கள் மட்டும் இல்லை.

இதே செவென் மலைகளில் 1878-இல் இன்னொரு வெளியூர்க்காரர் போனார். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். மொடெஸ்தீன் என்ற கழுதையோடு பன்னிரண்டு நாள் நடை. அடுத்த ஆண்டே அது புத்தகமாக வந்தது. கிராபே ஒரே பகலில் கடக்கிற தூரத்தைவிட அதிகமான தூரம்தான். ஸ்டீவன்சனைப் புனிதராக்க வேண்டியதில்லை. அந்தக் கழுதையை அவர் படுத்துகிற பாட்டை இன்று படிக்கவே சங்கடமாக இருக்கிறது. இருட்டில் வழி காட்ட மறுத்த கிராமத்தாரைத் திட்டவும் செய்கிறார். ஆனால் கவனியுங்கள்: மறுப்பதற்காவது அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். கேலி செய்கிறார்கள், மதம் பற்றிச் சண்டைக்கு வருகிறார்கள், 1702-இல் தங்கள் முன்னோர் அரசனை எதிர்த்துக் கிளம்பிய கதையின் மிச்சத்தோடு வாழ்கிறார்கள். ஸ்டீவன்சனின் பள்ளத்தாக்கு அவருக்குப் பதில் சொல்கிறது. கிராபேயின் பள்ளத்தாக்குக்கு வாயே இல்லை, சரிவின் அளவு மட்டும்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. ‘பந்தயத்தில் இருப்பவன் எப்படிப் பார்ப்பான்? அந்தக் குருட்டுத்தனம்தானே நாவலின் பொருள்?’ பாதி சரி. ஏற்றத்தில் சுருங்கிப்போகிற மனசை அப்படியே காட்டியதற்காகத்தான் இது பெரிய புத்தகம். ஆனால் முதல் பக்கத்தில் அவன் இன்னும் மிதிக்கவே தொடங்கவில்லை. மூச்சு வாங்கவில்லை, மனசு சுருங்கவில்லை, கண் நன்றாகத் தெரிகிறது. அப்போதும் எதிரே இருப்பவர்களிடம் அவன் கண்டது வெறுமையைத்தான். அந்தக் குருட்டுத்தனத்துக்கு ஏற்றத்தைக் காரணம் சொல்ல முடியாது. வரும்போதே கொண்டுவந்தது அது.

இது 1978-ஓடு போயிருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். கிராபேயின் பார்வை இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் செயலியாக உட்கார்ந்திருக்கிறது. பந்தயமே ஓட்டாத என் போன்றவனுக்கும் ஒவ்வொரு மேட்டுக்கும் நேரக்கணக்கு, ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரிசைப் பட்டியல். போன மாதம் ஒரு ஏற்றத்தில், திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர், “எந்த ஊருப்பா? இந்த வெயில்ல எங்க போற?” என்று கேட்டார். நான் தலையைக்கூடத் திருப்பவில்லை. பழைய நேரத்தைவிட ஒன்பது வினாடி குறைவு என்று மேலே போனதும் செயலி சொன்னது. சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து மூன்றாம் முறையாக இந்தப் புத்தகத்தை எடுத்தது அன்று ராத்திரிதான். முதல் பக்கத்தில் சிரிப்பு வரவில்லை.

‘தி ரைடர்’ படிக்க வேண்டிய புத்தகம், சந்தேகமே இல்லை. படித்துவிட்டு, லோஸேர் வரைபடத்தை ஒருமுறை விரித்துவையுங்கள். மேட்டுநிலங்களில் சின்னச் சின்ன எழுத்தில் நிறைய ஊர்ப்பெயர்கள் இருக்கும். கிராபே போன பாதையில் அவற்றில் எத்தனை அவருக்கு வெறும் கிலோமீட்டராக மட்டும் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் திண்ணைப் பக்கம் போக வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது.