மஸ்டாங்கின் கியர்பெட்டிக்கு ஏற்ற எண்ணெய்

289 கன அங்குல வி8 என்ஜினும் சி4 என்னும் மூன்று வேகத் தானியங்கி கியர்பெட்டியும் பூட்டிய 1965ஆம் வருஷத்து ஃபோர்டு மஸ்டாங் ஒன்றைப் பராமரித்து வருகிறவருக்கு, அதன் பெயின்டைப் பற்றியும் குரோம் பூச்சைப் பற்றியும் யோசனை சொல்ல வேண்டிய மட்டும் ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் கியர்பெட்டிக்குள் எந்த எண்ணெயை ஊற்றலாம் என்று கேட்டால், எல்லாம் சிவப்பு எண்ணெய்தானே என்ற பதிலே பெரும்பாலும் வரும். அந்தப் பதிலை நம்பக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஒரே வண்டியில் முதலில் டெக்ஸ்ரான் III வகை எண்ணெயிலும், பிறகு அதை வடித்துவிட்டு டைப் எஃப் எண்ணெயிலும் ஓட்டிப் பார்த்த அனுபவம் அந்த அபிப்பிராயத்தை உறுதிப்படுத்தியிருக்கிறது.

சிவப்பு நிறம் வெறும் சாயம். ஒழுகுவது என்ஜின் எண்ணெயா கியர்பெட்டி எண்ணெயா என்று தரையைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ள அது உதவுமேயன்றி, எண்ணெயின் சுபாவத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. 1940ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் ஹைட்ரமேட்டிக் கியர்பெட்டியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் டைப் ஏ என்றொரு தரத்தை நிர்ணயித்தது; 1957இல் அதைத் திருத்தி, 1967இல் டெக்ஸ்ரான் என்ற பெயரில் மிருதுவான கியர் மாற்றத்தையே லட்சியமாகக் கொண்ட எண்ணெயை வெளியிட்டது. ஃபோர்டோ அதற்குள் தனி வழியில் பிரிந்து, 1961இல் ஒரு தரத்தையும் 1967இல் டைப் எஃப் என்று நாம் அறிந்த தரத்தையும் விதித்துக்கொண்டது. நம் மஸ்டாங் டைப் எஃப் என்ற பெயருக்கு முந்தியதாயினும், அந்தப் பரம்பரையையே சேர்ந்தது.

இந்த இரண்டு எண்ணெய்களுக்கும் உள்ள வேற்றுமை உராய்வில் இருக்கிறது. தானியங்கி கியர்பெட்டிக்குள், காகித நாரால் ஆன உறை ஒட்டிய கிளட்ச் தட்டுகள், எண்ணெயில் நனைந்தபடியே இரும்புத் தட்டுகளை அழுத்திப் பிடிக்கின்றன; இரண்டின் வேக வித்தியாசம் குறைந்து பூஜ்யத்தை நெருங்கும் அந்தக் கடைசிக் கணத்தில், டெக்ஸ்ரானில் கலந்துள்ள உராய்வைத் தணிக்கும் சேர்மானம் பிடியைத் தளர்த்தி, மாற்றம் நிகழ்ந்ததே தெரியாமல் செய்கிறது. டைப் எஃப்பில் அந்தச் சேர்மானம் இல்லையாதலால், அதே கணத்தில் பிடி இறுகித் தட்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. இந்தக் கவ்வும் சக்தியை நம்பியே ஃபோர்டின் பொறியாளர்கள் கிளட்சை வடிவமைத்தார்கள் என்பதை மனத்தில் கொண்டால், மிருதுவான எண்ணெய் அந்த யந்திரத்துக்கு உபகாரமன்று என்பது விளங்கும். முதல் டெக்ஸ்ரானில் அந்தத் தணிப்பு வேலையைச் செய்தது எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பு. திமிங்கிலங்களைக் காக்கும் சட்டங்கள் வந்த பிறகே அதற்கு மாற்று தேடினார்கள். கார் ஒன்று சொகுசாக ஓட அந்தப் பெரும் பிராணிகள் உயிரைக் கொடுத்தன என்பதை நினைக்க இன்றும் மனம் கூசுகிறது.

எண்ணெயின் மேல் பழி போடுமுன், கியர் மாற்றத்தின் அழுத்தத்தை நிர்ணயிக்கும் வாக்குவம் மாடுலேட்டரையும், உள்ளே சுழலும் உருளைகளை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு பேண்டுகளையும் சரிபார்த்துவிட வேண்டும். இடைநிலை பேண்டின் திருகை 10 அடி-பவுண்டு வரை இறுக்கி, பின் 1¾ சுற்று தளர்த்துவது நியதி. அதை முடித்துவிட்டு, மூன்று கியர்களிலும் ஓட்டுவதற்கான பச்சைப் புள்ளியில் நெம்புகோலை வைத்து டெக்ஸ்ரானில் ஓட்டியபோது, சமதரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தினால், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போகும் இடத்தில் என்ஜினின் ஓசை முந்திக்கொண்டு உயர, வண்டி தயங்கித் தயங்கிப் பின்தொடர்ந்தது. அந்தத் தயக்கம் காதுக்குச் சுகமாக இருக்கலாம். அவ்வளவு நேரமும் தட்டுகள் தேய்ந்து சூடேறுகின்றன. டைப் எஃப்பை நிரப்பிய பிறகு அதே ஏற்றத்தில் மாற்றம் சுருக்கென்று முடிந்தது. இருக்கையின் முதுகில் ஓர் இலேசான உந்தல், அவ்வளவே. குளிர்ந்த காலைகளில் முதல் சில நிமிஷங்களுக்கு அந்த உந்தல் சற்று முரட்டுத்தனமாகவே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எண்ணெய் மாற்றுகிறவர் கியர்பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய்ப் பானை மட்டும் இறக்கினால் பாதி எண்ணெய்கூட வெளியே வராது; பெரும்பங்கு என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையிலுள்ள டார்க் கன்வர்ட்டருக்குள்ளேயே நின்றுவிடும். என் வண்டியின் கன்வர்ட்டரில் வடிகால் திருகு இருந்ததால், என்ஜினைக் கையால் சுழற்றி அதைக் கீழே கொண்டுவந்து முழுவதையும் வடிக்க முடிந்தது. பானின் அடியில் விரலால் வழித்தால் வரும் மெல்லிய சாம்பல் நிறச் சேறு இயல்பானது. கறுத்த உறைத் துணுக்குகளோ மினுங்கும் உலோகச் செதில்களோ வந்தால், எந்த எண்ணெயும் அந்தப் பெட்டியைக் காப்பாற்றாது. வடித்த எண்ணெயில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு முகர்ந்து பார்ப்பதும் நல்லது: நிறம் பழுப்பாகித் தீய்ந்த வாடை அடித்தால், கிளட்ச் கருகத் தொடங்கிவிட்டது.

புதிதாக வந்ததே உயர்ந்தது என்று எண்ணி டெக்ஸ்ரான் VIஐ வாங்குகிறவர்களும் உண்டு. நவீன யந்திரங்களுக்கு அது சிறந்த எண்ணெய் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அது நீர்த்தது, உராய்வில் டைப் எஃப்புக்கு நேர் எதிரானது, அறுபதுகளின் ரப்பர் சீல்கள் இறுகிப்போன பெட்டியில் ஒழுக்கை அதிகமாக்கவும் கூடும். இதற்கு நேர்மையான விதிவிலக்கு ஒன்றுதான்: கியர்பெட்டியை யாரேனும் பிரித்துப் புது உறைத் தட்டுகள் போட்டுச் சேர்த்திருந்தால், அந்த உறை எந்த எண்ணெயை உத்தேசித்துச் செய்யப்பட்டதோ அதையே ஊற்ற வேண்டும், வேலை செய்த மெக்கானிக்கிடம் கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம். பிரிக்கப்படாத அசல் சி4 என்றால், நான் தயங்காமல் டைப் எஃப்பையே சிபாரிசு செய்வேன். நிரப்பிய பின், பெட்டி நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி, சமதரையில் என்ஜினை நிறுத்தாமல், நெம்புகோலை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்திப் பார்க்கிங்கில் வைத்து டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். குறைந்தால் அரை லிட்டருக்கும் குறைவாகவே சேர்த்து, மறுபடி பார்க்க வேண்டும், ஏனெனில் மட்டம் மிஞ்சினால் எண்ணெய் நுரைத்து, கிளட்சுக்குச் சேர வேண்டிய அழுத்தமே குறைந்துபோகும்.