கொடுப்பவர் யார்? ‘ஃபிரதெல்லி தூத்தி’ திருமடலும் பன்னாட்டு உதவிப்பணியில் இனவெறி எதிர்ப்பும்

முன்னுரை

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபர் 3 அன்று அசிசியில் கையொப்பமிட்ட ‘ஃபிரதெல்லி தூத்தி’, மனித உடன்பிறப்புணர்வைப் பொருளாகக் கொண்ட திருமடலாகும். பன்னாட்டு உதவிப்பணியில் நிலவும் இனவெறியை எதிர்கொள்ள அதன் இறையியல் எந்த அளவிற்குத் துணைசெய்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உவமையும் வாசிப்பும்

திருமடலின் இரண்டாம் இயல் லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியர் உவமையை விரித்துரைக்கிறது. எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவரைக் குருவும் லேவியரும் கடந்து செல்கின்றனர். யூதர்களால் இழிவாகக் கருதப்பட்ட சமாரியரே அவரைச் சத்திரத்தில் சேர்க்கிறார். இப்பகைமையைத் திருமடல் மறைக்கவில்லை. ஆயினும், எல்லைகளைக் கடந்து அனைவருக்கும் அயலாராக வேண்டும் என்னும் அழைப்பையே அதிலிருந்து வருவிக்கிறது. உதவும் நிலையில் இருப்பவரே இவ்வழைப்பின் முன்னிலை. உவமையிலோ கொடுப்பவரே இழிவுபடுத்தப்பட்டவர். உதவி நிறுவனங்கள் தம்மைச் சமாரியராகக் கருதிக்கொள்ளும்போது இவ்வுண்மை மறைகிறது. ஆப்பிரிக்கரும் ஆசியரும் வழியோரத்தில் கிடப்பவராகவே காட்சியளிக்கின்றனர்.

மனநிலையும் அமைப்பும்

97ஆம் பத்தி இனவெறியை விரைவில் உருமாறும் வைரஸோடு ஒப்பிடுகிறது. அதன் மறைந்துறையும் இயல்பை இவ்வொப்புமை நன்கு உணர்த்துகிறது. எனினும் தொற்று தனிமனிதரைச் சார்ந்தது. உதவிப்பணியிலோ வேற்றுமை ஊதிய அட்டவணையிலும் நிதி ஒப்பந்தத்திலும் உறைகிறது. வெளிநாட்டுப் பணியாளருக்கும் உள்ளூர்ப் பணியாளருக்கும் தனித்தனி ஊதிய அளவுகள் பல நிறுவனங்களில் உள்ளன. 2016 இஸ்தான்புல் உலக மனிதநேய உச்சிமாநாட்டில் உருவான ‘பேருடன்பாடு’, 2020க்குள் மனிதநேய நிதியில் 25 விழுக்காடு உள்ளூர், தேசிய அமைப்புகளைச் சென்றடைய வேண்டும் என இலக்கு வகுத்தது, அது எட்டப்படவில்லை. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பன்னாட்டு வளர்ச்சிக் குழு 2022இல் உதவித்துறையின் இனவெறி குறித்துத் தனி அறிக்கையே வெளியிட்டது.

இதற்குரிய கருவி கத்தோலிக்க மரபிலேயே உண்டு. சிறிய அமைப்பு ஆற்றவல்லதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 11ஆம் பயஸின் ‘குவாத்ரஜேசிமோ அன்னோ’ 1931இலேயே வரையறுத்தது. ‘ஃபிரதெல்லி தூத்தி’ 187ஆம் பத்தியில் இக்கொள்கை தோழமையிலிருந்து பிரிக்கவியலாதது என்கிறது. ஆனால் இனவெறி பற்றிய பத்தியோடு அதனை இணைக்கவில்லை.

முடிவுரை

இவ்விரு பத்திகளையும் இணைத்து வாசித்தால், நிதியையும் முடிவெடுக்கும் உரிமையையும் உள்ளூராரிடம் ஒப்படைப்பது நீதியின் கடமையாகிறது. தேசிய அமைப்புகளின் கூட்டமைப்பாகிய அனைத்துலகக் கரித்தாஸ் போன்றவை இவ்வளவுகோலுக்கு முதலில் உட்பட வேண்டியவை. உள்ளூர்த் திருஅவையில் வேர்கொண்டிருப்பதே அவற்றின் உரிமைக்கோரல் என்பது அதற்குக் காரணம்.