அறை என்னும் பிரதி: உட்காருபவர்களும் நிற்பவர்களும்

அலுவலக அறை ஒன்றின் வரைபடத்தை ஒரு பிரதியாக வாசிக்க முடியுமா? தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதிலென்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நிலத்தை ஐந்தாகப் பிரித்து, எந்த நிலத்தில் யார் எந்தப் பொழுதில் என்ன செய்வார்கள் என்று இலக்கணம் வகுத்த மொழியில் படித்தவன் நான். வரைபடம் எனக்கு அந்நியமான பண்டம் இல்லை.

என் முன்னால் இருப்பது பத்துக்கு இருபது அடியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம். தொழிலாளர் வழக்குகளை எடுத்து நடத்துகிற நண்பர் ஒருவருக்காக உள் அலங்காரக்காரர் போட்டுக்கொடுத்தது. இருபதடி நீளத்தில் பன்னிரண்டடி 'கேபின்'. முதுகு உயர்ந்த சுழல் நாற்காலி, கண்ணாடி மேசை, பின்சுவர் முழுக்க அலமாரி, அதில் எம்.எல்.ஜே., ஏ.ஐ.ஆர். தொகுப்புகள். இன்று தீர்ப்புகளைக் கணினியில்தான் தேடுகிறோம். ஆனால் பொன்னெழுத்து முதுகுகள் சுவரை விட்டு இறங்குவதாக இல்லை. வாசிக்கப்படாத புத்தகமும் ஒரு சொல்லாடல்தான். எதிரில் உட்காரும் கட்சிக்காரருக்கு 'உனக்குத் தெரியாதது இவ்வளவு இருக்கிறது' என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மீதி எட்டடியில் வரவேற்பு, தட்டச்சு செய்யும் பெண், ஜூனியர்கள் இருவர், காத்திருப்பவர்களுக்கு மூன்று இருக்கை கொண்ட ஒரு இரும்பு பெஞ்சு. இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. கண்ணாடியில் ஒட்டும் படலத்தின் தன்மை, உள்ளிருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. பெந்தாம் 1791இல் முன்வைத்த வட்டச் சிறையை ஃபூக்கோ 1975இல் விரிவாகப் பேசினார். நாமும் அதை மேற்கோள் காட்டிக் காட்டியே தேய்த்துவிட்டோம். அதற்குக் கோபுரம் ஒன்றும் வேண்டாம், சதுர அடிக் கணக்கில் விற்கிற படலம் போதும் என்பதைத்தான் கவனிக்கத் தவறினோம்.

இதில் வாஸ்துவின் கூட்டணி சுவாரசியமானது. முதலாளி கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் உட்கார வேண்டுமாம். இந்த அறையில் அந்த மூலை வாசலுக்கு மிகத் தள்ளி, எல்லோர் முதுகையும் பார்க்கும்படி இருக்கிறது. நிர்வாகவியல் சொல்வதைத்தான் வாஸ்துவும் சொல்கிறது, கற்பூர வாசனையோடு. நண்பர் கடவுள் மறுப்பாளர். ஆனாலும் அந்த மூலையை விடவில்லை. "இடம் வசதியா இருக்கு, அவ்வளவுதான்" என்கிறார். வசதி என்ற சொல் எவ்வளவு அப்பாவியாக வந்து உட்காருகிறது பாருங்கள்.

இது நம்மூர்க் கோளாறு மட்டுமல்ல. பஃபலோ நகரில் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டி 1906இல் முடித்த லார்கின் கட்டடத்தில் சில நாற்காலிகள் மேசையோடேயே பிணைக்கப்பட்டிருந்தன. தரையைப் பெருக்குவது சுலபம் என்பார்கள். எழுத்தர் தன் நாற்காலியை அரையடி நகர்த்திப் பக்கத்திலிருப்பவரிடம் பேச முடியாது என்பதும் உண்மை. 1960களில் ராபர்ட் ப்ராப்ஸ்ட், ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக 'ஆக்‌ஷன் ஆபீஸ்' என்ற அமைப்பை உருவாக்கினார். ஊழியர் தன் இடத்தைத் தானே மாற்றிக்கொள்ளலாம், நின்றும் வேலை செய்யலாம், தடுப்புகள் விரிந்த கோணத்தில் திறந்திருக்கும். 1968இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தை நிறுவனங்கள் வாங்கின; கோணத்தை மட்டும் தொண்ணூறு பாகைக்கு ஒடித்தன. கிடைத்தது பெட்டி. பெட்டிகளைப் பார்த்து ப்ராப்ஸ்டே பிற்காலத்தில் கசந்துபோனார். பிறகு பெட்டியை உடைத்துத் திறந்த அலுவலகம் என்றார்கள். 2018இல் வெளியான ஒரு ஹார்வர்டு ஆய்வு, அப்படித் திறந்துவிட்ட இடங்களில் நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ எழுபது சதவீதம் குறைந்ததாகக் கண்டது. வடிவத்தை மட்டும் மாற்றினால் அதிகாரம் தானாக இடம்பெயர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி இது.

அப்படியானால் பழைய திண்ணைக்குத் திரும்பலாமா? இப்போது அலுவலகங்களில் செட்டிநாட்டுத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் வைத்து அப்படியொரு ஏக்கம் விற்கப்படுகிறது. வக்கீல் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் தெருவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடியே தன் வழக்கைச் சொன்னார்கள் என்று கேட்டுப் பார்த்தால் ஏக்கம் வடிந்துவிடும். அரசு அதிகாரியின் நாற்காலியில் போர்த்திய வெள்ளைத் துண்டுக்கு இந்த வரலாறு நன்றாகத் தெரியும்.

உட்காருவது உரிமை என்று சட்டம் ஒப்புக்கொண்டதே அண்மையில்தான். கேரளம் 2018இல், தமிழ்நாடு 2021இல் தத்தம் கடைகள், நிறுவனங்கள் சட்டங்களைத் திருத்தி ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்றன. நாள் முழுக்க நின்று காலில் நரம்பு புடைத்துப்போன துணிக்கடைப் பெண்களின் போராட்டம் இதன் பின்னால் இருக்கிறது. ஆனால் வழக்கறிஞர் அலுவலகம்? கேரளத்தின் அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கில், வழக்கறிஞர் அலுவலகம் 'வணிக நிறுவனம்' ஆகாது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கறிஞர் தொழில் வணிகமல்ல என்பது வாதம். தொழிலின் கண்ணியத்துக்கு இது பொருந்தலாம். ஆனால் வெளி அறையில் தட்டச்சு செய்பவருக்கு அந்தக் கண்ணியத்தில் பங்கு என்ன? அடுத்தவருடைய சம்பளத்துக்கும் இருக்கைக்கும் வழக்காடும் இடம், தன் இருக்கைகளைப் பற்றி மட்டும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

வரைபடத்தில் குமாஸ்தாவின் இடத்தைத் தேடினேன். இல்லை.

"தோழர், குமாஸ்தா அண்ணன் எங்க உட்காருவாரு?"

"அவரு பாதி நேரம் கோர்ட்லதான இருப்பாரு."

மீதி நேரம் என்று ஒன்று இருப்பது இருபத்தைந்து வருஷமாகக் கட்டுச் சுமக்கும் அந்த மனிதருக்குத் தெரியும். 'ஸ்டோர்' என்று எழுதியிருக்கும் மூன்றடி இடுக்கில், பழைய கட்டுகளோடு ஒரு முக்காலி போட்டுக்கொள்வார் என்பது எழுதப்படாத ஏற்பாடு.

கண்ணாடிப் படலத்தை நீக்க நண்பர் சம்மதித்தார். பெஞ்சுக்கு மேலே ஒரு மின்விசிறி, கட்சிக்காரருக்குத் தன்னுடையதற்கு இணையான உயரத்தில் நாற்காலி. இவற்றுக்கும் சரி என்றார். தகராறு கழிப்பறையில் வந்தது. அதன் கதவு கேபினுக்குள் திறக்கிறது. தட்டச்சு செய்யும் பெண் அவரையும் அவருடைய கட்சிக்காரர்களையும் கடந்துதான் ஒவ்வொரு முறையும் போக வேண்டும். போக மாட்டார், தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார். கதவை வெளி அறைப் பக்கம் திருப்பலாம், செலவு பெரிதில்லை என்று கொத்தனாரும் சொல்லிவிட்டார். ஆனால் திருப்பினால், கழிப்பறைக்குப் போக வழி விட்டு, பின்சுவர் அலமாரியில் ஒரு பத்தி குறைய வேண்டும். எம்.எல்.ஜே. எங்கே வைப்பது என்று நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.