அங்குசாமியும் பங்கியும்

யதார்த்த எழுத்து என்றவுடன் வறுமையையும் அழுக்கையும் அடுக்கிக் காட்டுவதே என்று கருதுவோர் நம்மிடையே பலர். அவர்கள் படிக்கவேண்டிய நாவல், சாலைக் கடைத்தெருவில் வணிகராக இருந்துகொண்டே எழுதிய ஆ. மாதவன் (1934-2021) நமக்களித்த 'புனலும் மணலும்' (1974).

ஆற்று மணல் வாரிப் பிழைப்பவன் அங்குசாமி. மகளொருத்தியுடன் இருந்த தங்கம்மையை அவன் மனைவியாக ஏற்கிறான். அவளிடம் உயிரையே வைத்திருக்கிறான்; ஆனால் அவள் வயிற்றில் பிறந்த பங்கியை மட்டும் அவனுக்குப் பிடிப்பதில்லை. காரணம் அவளுடைய அழகற்ற தோற்றம், வேறொன்றுமில்லை. தங்கம்மை மறைந்த பின்னும் அந்த வெறுப்பு தணிவதில்லை. பங்கியோ அவனையே தந்தையாகக் கொண்டு வாழ்கிறாள்.

நல்லவன் ஒருபுறம், தீயவன் மறுபுறம் என நிறுத்தும் முரண் நமக்குப் பழக்கமானது, எழுதுவதற்கும் எளிது. மாதவன் அவ்வழி செல்லவில்லை. அங்குசாமி கொடியவன் அல்லன். உழைப்பாளி, அன்பு செலுத்தத் தெரிந்தவன். இருவரும் ஒரே ஆற்றை நம்பி வாழ்பவர்கள்; ஒரே பெண்ணை இழந்தவர்கள். இத்தனை ஒற்றுமைக்கு நடுவே எழும் வெறுப்பாதலால்தான் அது நம்மைச் சுடுகிறது. மணல் வாரும் தொழிலையும், மலையாளம் கலந்த இம்மண்ணின் பேச்சையும் ஆசிரியர் கண்ணாரக் கண்டு எழுதியிருப்பதால், 'இப்படியும் ஒருவன் இருப்பானா?' என்று கேட்டுத் தப்பிக்கவும் நமக்கு வழியில்லை. பெண்ணின் நிறத்தையும் பல்லையும் பார்த்து விலைபேசும் வீடுகளில் அங்குசாமிகளுக்குப் பஞ்சமா என்ன?

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பங்கியின் பொறுமை சில இடங்களில் மிகையாகப்படுகிறது. ஒருமுறையேனும் அவள் சீறியிருக்கலாம். 'கிருஷ்ணப்பருந்து' நாவலில் இக்குறை இல்லை. அங்கே துறவிபோல் வாழும் குருஸ்வாமியும், அவருள் அடங்காத ஆசையும் ஓருடலுக்குள்ளேயே மோதுகின்றன. இந்த நாவல்களை எழுதியவருக்கு 2015-இல் சாகித்திய அகாதெமி விருது 'இலக்கியச் சுவடுகள்' என்னும் கட்டுரை நூலுக்காகக் கிடைத்தது என்பது நம் இலக்கிய உலகின் விசித்திரம்!

இறுதியில் பங்கியை ஆறு கொண்டுபோகிறது. 'அந்தப் பெண்ணை வாழவைத்திருக்கக் கூடாதா?' என்று நாவலைப் படித்து முடித்த என் மனைவி கேட்டாள். ஆசிரியர் வாழவைத்திருந்தால் அங்குசாமியை நாம் மன்னித்துவிட்டிருப்போம் என்றேன். அவள் சமாதானமடையவில்லை.