மகள் எழுதாத தாய்

அமெரிக்க மேற்கெல்லையில் குடியேறிய பெண்டிரின் வாழ்வை அறிய விழைவோர் பலர் முதலில் நாடுவன லாரா இங்கல்ஸ் வைல்டரின் கதை நூல்களே. 1932 முதல் வெளிவந்த அவற்றில் பிடில் வாசிக்கும் தந்தையே எளிதில் மனத்தைக் கவர்கிறார். ஆயினும் உழைப்பெல்லாம் தாய் கரோலினுடையது. குளிர்காலத்தில் வெளிறிப்போகும் வெண்ணெய்க்குக் காரட்டைத் துருவிப் பாலில் காய்ச்சி நிறமேற்றுகிறார். கான்சாஸ் புல்வெளியில் வீடு கட்டுகையில் மரம் தூக்க உதவிக் காலில் அடிபடுகிறார்.

அந்நிலம் ஓசேஜ் பழங்குடியினருடையது. அவர்கள்மீது தாய் கொண்ட வெறுப்பையும் மகள் மறைக்கவில்லை. மூத்தவள் மேரி கண்ணிழந்ததையும் கூறுகிறார். மறைத்தது வேறொன்று. 1875இல் பிறந்த ஒரே தம்பி, அயோவா நோக்கிய பயணத்தின் இடையே 1876இல் ஒன்பது மாதக் குழந்தையாக இறந்தான். அவனும் இல்லை, அயோவாவில் ஓட்டல் வேலையில் கழிந்த நாட்களும் இல்லை. லாரா 1930 அளவில் எழுதி, 2014இல் அச்சேறிய தன்வரலாற்றிலேதான் இவை உள.

சிறுவர் நூலில் சாவு எதற்கு என்பர். குருட்டைத் தாங்கும் சிறுவர் சாவைத் தாங்காரோ? ஒவ்வோர் இடப்பெயர்வும் நம்பிக்கையிலே முடியவேண்டும் என்பது இக்கதைகளின் அமைப்பு. வழியில் விட்டுவந்த சிறு கல்லறை அதற்கு இடைஞ்சல். அதனால் தாயின் குற்றம் நூலில் நின்றது, துயரம் நீங்கியது. கதையில் கரோலினின் பொறுமை பிறவிக்குணம்போல் தோன்றுகிறது. தன்வரலாற்றைப் படித்தபின் அப்படித் தோன்றுவதில்லை.